வைரஸ் நோயும் அதன் பின்வரும் குடல் நோவும்

பொதிகை மலையிற் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் மலையை விட்டிறங்கி, எட்டு அணைக்கட்டுகளின் வாயிலாக இருமருங்கிலும் உள்ள வயல்களுக்கு உயிரூட்டி, புன்னைக்காயலை அடுத்து மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது. நெல்லைச் சீமையில் வாழ்வார்க்கு உண்ணும் சோறும் பருகும் நீரும் பெரும்பாலும் இவ்வாற்றின் கொடையே. ஆயினும் உயிர் தரும் நீரே மாசுபட்ட காலத்து நோய்க்கும் வழியாகின்றது. மழைக்காலத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து போவதை நம்மில் அறியாதார் இலர். அவை மூன்று நான்கு நாட்களில் நீங்கிவிடுதலால் நாம் அவற்றைப் பெரிதாக எண்ணுவதில்லை. அங்ஙனம் நீங்கிய நோய் சிலரிடத்து ஒரு நீண்ட நோவை விட்டுச் செல்கின்றது என்பதும், அந்நோவு வெறும் மனப்பிரமை அன்று என்பதும், அதன் காரணங்களை மருத்துவ நூலார் ஓரளவு கண்டறிந்துள்ளனர் என்பதும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

விடுதியில் தங்கிப் பயிலும் ஒரு மாணாக்கனை மனத்தில் எண்ணிக்கொள்வோம். ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு அவனுக்கு வாந்தி கண்டது, தொடர்ந்து வயிற்றுப்போக்கு, நான்காம் நாள் தேறிவிட்டான். ஆனால் பங்குனி பிறந்தும் அவன் வயிறு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காலையில் இரண்டு இட்டிலி உண்டதும் வயிறு முறுக்கி வலிக்கின்றது. வகுப்பிற்குப் புறப்படுமுன் மூன்று முறை ஒதுங்க வேண்டியிருக்கின்றது. ஒதுங்கியபின் வலி தணிகின்றது. பேருந்தில் ஏற அஞ்சுகின்றான். தேர்வு நெருங்க நெருங்க நோவும் மிகுகின்றது. மலத்தைச் சோதித்தாலும் இரத்தத்தைச் சோதித்தாலும் குறை ஒன்றும் தெரியவில்லை. ‘உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் பயந்தான்’ என்கின்றனர் நண்பர். ‘கிருமி இன்னும் போகவில்லை’ என்று சொல்லி மாத்திரை கொடுக்கின்றார் மருந்துக் கடைக்காரர். இவ்விரு கூற்றுக்களுள் எது உண்மை? இரண்டும் அன்று என்பதே விடை.

நோயின் இயல்பு

மருத்துவர் இந்நோயை ‘இர்ரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்’ என்றும், சுருக்கமாக ‘ஐ.பி.எஸ்.’ என்றும் வழங்குவர். தமிழில் எரிச்சலுறு குடல் நோய் எனலாம். ஈண்டு எரிச்சல் என்பது நெருப்புப் பட்டாற்போன்ற காந்தல் அன்று. சிறு சொல்லுக்கும் சினங்கொள்ளும் மனிதனை எரிச்சற்காரன் என்கின்றோமே, அப்பொருளிற் கொள்க. சிறிது உணவும், சிறிது கவலையும், சிறிது குளிரும் கூட இக்குடலைக் கிளர்ந்தெழச் செய்கின்றன.

இந்நோயை அறுதியிடும் அளவைகளை ‘ரோம் அளவைகள்’ என்பர். 2016ஆம் ஆண்டில் வெளியான நான்காம் திருத்தத்தின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்திற்கு ஒரு நாளேனும் வயிற்றுவலி இருத்தல் வேண்டும். மலங்கழித்தலோடு அவ்வலிக்குத் தொடர்பு, கழிக்கும் தடவைகளில் மாறுதல், மலத்தின் தன்மையில் மாறுதல் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் அதனோடு சேர்ந்திருத்தல் வேண்டும். நோய் தோன்றி ஆறு மாதங்களாகியிருத்தலும் வேண்டும். குடலிற் புண்ணோ கட்டியோ காணப்படாது. குடலின் உருவம் செம்மையாகவே இருக்கும். தொழில் மட்டும் பிறழ்ந்திருக்கும். ஆதலின் உருவத்தை மட்டும் நோக்கும் சோதனைகள் இதனைக் காட்டுவதில்லை.

தொற்றுக்குப் பின் தோன்றுதல்

இந்நோய் சிலர்க்கு ஒரு தொற்றுநோயின் பின்னரே தோன்றுகின்றது என்பது நெடுங்காலமாக மருத்துவர் கண்ட செய்தி. ஆக்ஸ்போர்டு நகரில் சௌத்ரி, டிரூலவ் என்னும் இருவர் 130 நோயாளரை ஆராய்ந்து 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர்க்கு இந்நோய் ஒரு வயிற்றுக்கடுப்பு அல்லது வயிற்றுப்போக்கைத் தொடர்ந்து தொடங்கியதெனக் கூறினர். இவ்வாறு ஆயிரக்கணக்கானோரைப் பற்றிய 45 ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து நோக்கிய கட்டுரை ஒன்று 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. குடல் தொற்றுக்கு ஆளானவருள் பத்தில் ஒருவர்க்கு இந்நோய் வருகின்றதென்றும், தொற்று இல்லாதாரைவிட அவர்க்கு இது வரும் வாய்ப்பு நான்கு மடங்கென்றும் அது முடிவு கூறிற்று.

ஆக்ஸ்போர்டில் அக்கட்டுரை எழுதப்பட்ட அதே காலத்தில், நம் தமிழ்நாட்டிலேயே இதனோடு உறவுடைய வேறொரு நோய் ஆராயப்பட்டு வந்தது. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை, பின்னர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தமை யாவரும் அறிந்ததே. 1960ஆம் ஆண்டை ஒட்டித் தென்னிந்தியக் கிராமங்களில் ஒருவகைக் கழிச்சல் பெருவாரியாகப் பரவிற்று. பலர்க்கு அது சில நாட்களில் நின்றது. வேறு பலர்க்கோ மாதக்கணக்கில் நீடித்து, உண்ட உணவின் சத்து உடலிற் சேராமல், நாப்புண்ணும் இரத்தக்குறைவும் உடல்மெலிவும் உண்டாயின. இதனை ‘டிராபிகல் ஸ்பிரூ’ என்பர். அக்கல்லூரியைச் சேர்ந்த பேக்கர், மாதன் ஆகிய மருத்துவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று இதனை ஆராய்ந்தனர். நோய் பரவிய முறையைக் கண்டு, இஃது ஏதோ ஒரு தொற்றினால் தொடங்குவதே என்று அவர்கள் கருதினர். 1975ஆம் ஆண்டில் வேலூர் ஆராய்ச்சியாளர் மின்னணு நுண்பெருக்கிக் கண்ணாடியின் உதவியால் மனித மலத்தில் வைரஸ் போன்ற, முடிசூடிய வடிவுடைய நுண்பொருள்களைக் கண்டு வெளியிட்டனர். அவையே ஸ்பிரூ நோயின் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

ஸ்பிரூவும் எரிச்சலுறு குடல் நோயும் ஒன்றல்ல. முன்னதில் குடலின் உட்சுவர் சிதைந்து சத்துக் குறைகின்றது, பின்னதில் அவ்வாறில்லை. எனினும் தொடக்கத்து நோய் சில நாட்களது. அதன் விளைவோ பல மாதங்களது என்னும் உண்மையை இவ்விரண்டும் ஒருங்கே உணர்த்துகின்றன.

வைரஸ் செய்யும் தீங்கு

குடலைத் தாக்கும் கிருமிகளுள் பாக்டீரியா ஒரு வகை. வைரஸ் மற்றொரு வகை. வைரஸ் அதனினும் மிகச் சிறியது. உயிருள்ள அணுவின் உள்ளே புகுந்தன்றிப் பெருகமாட்டாதது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து நார்வாக் என்னும் ஊரின் பள்ளியொன்றில் 1968ஆம் ஆண்டில் வாந்திநோய் பரவிற்று. அந்நோயாளரின் மலத்திலிருந்து கபிகியன் என்பார் 1972ஆம் ஆண்டில் ஒரு வைரஸைக் கண்டறிந்தார். ஊர்ப்பெயரைத் தழுவி அவ்வினம் இன்று நோரோவைரஸ் எனப்படுகின்றது. அடுத்த ஆண்டு, 1973இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ரூத் பிஷப் அம்மையாரும் உடனிருந்தோரும் குழந்தைகளின் கழிச்சலுக்குப் பெருங்காரணமாகிய ரோட்டாவைரஸைக் கண்டனர்.

இத்தகைய வைரஸ் நோய்க்குப் பின்னும் எரிச்சலுறு குடல் நோய் வருமோ என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் விடை தருகின்றன. கனடாவில் ஒரு கூட்டத்திற்குச் சென்றவரிடையே உணவு வழியாக வைரஸ் நோய் பரவியது. அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின்படி, மூன்று மாதங்கழித்து நோயுற்றவருள் நூற்றுக்கு 24 பேர்க்கு இக்குடல் நோவு இருந்தது. நோயுறாதவருள் நூற்றுக்கு 3 பேர்க்கே இருந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் அவ்வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டது. இரண்டாவது, இத்தாலியில் கார்தா ஏரிக்கரையில் உள்ள சான் பெலிச்சே என்னும் ஊரில் 2009ஆம் ஆண்டுக் கோடையில் நிகழ்ந்தது. குடிநீரில் நோரோவைரஸ் கலந்து ஊரார் பலர் நோயுற்றனர். ஓராண்டு கழிந்து பார்த்தபோது, நோயுற்ற 186 பேருள் 40 பேர் எரிச்சலுறு குடல் நோயினராயிருந்தனர்; ஒப்பிடுதற்கு எடுத்துக்கொண்ட 198 பேருள் மூவரே அவ்வாறிருந்தனர்.

2020ஆம் ஆண்டில் உலகை உலுக்கிய கொரோனா வைரஸ் நுரையீரலை மட்டும் தாக்கவில்லை. அவ்வைரஸ் அணுவினுள் நுழையும் வாயிலாகிய ‘ஏஸ்-2’ என்னும் புரதம் சிறுகுடலின் உட்சுவரிலும் மிகுதியாக உள்ளது. இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் அந்நோய் கண்ட 280 பேரை ஆறு மாதங்கள் தொடர்ந்து கவனித்ததில், நூற்றுக்கு ஐவர் அளவில் எரிச்சலுறு குடல் நோய்க்கு ஆளாயினர். அந்நோய் வாராதவரிடத்து அஃது ஒருவரினும் குறைவே.

குடலில் நிகழ்வது யாது?

வைரஸ் சில நாட்களில் உடலைவிட்டு அகல்கின்றதாயின், நோவு எங்ஙனம் தங்குகின்றது? மருத்துவ நூலார் கூறும் காரணங்களுள் தலையாயவற்றை ஈண்டு முறையே காண்போம்.

முதலாவது, குடலுக்கென்றே ஒரு நரம்பு மண்டலம் உண்டு. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் குடற்சுவரில் வலைபோற் பின்னிக்கிடக்கின்றன. அவற்றிற்குச் செய்தி உரைக்கும் பொருள்களுள் ஒன்று செரொட்டோனின். நம் உடலில் உள்ள செரொட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலிலேயே இருக்கின்றது. ரோட்டாவைரஸ் குடற்சுவரில் உள்ள தனிவகை அணுக்களைத் தூண்டி இப்பொருளை வெளிப்படுத்துகின்றதென்றும், அது நரம்பின் வழியே மூளைக்கு எட்டி வாந்தியை எழுப்புகின்றதென்றும் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2011ஆம் ஆண்டில் காட்டினர். பாக்டீரியாத் தொற்றுக்குப் பின் இவ்வணுக்களின் தொகை ஓராண்டிற்கு மேலும் மிகுந்திருத்தலைப் பிறர் கண்டுள்ளனர். செய்தியுரைப்போர் மிகுந்தால் சிறு செய்தியும் பெருங்கூக்குரலாகும் அன்றோ?

இரண்டாவது, குடலின் உட்சுவர் ஊருக்கு அமைந்த மதில் போன்றது. தொற்றினால் அம்மதிலின் இணைப்புகள் தளர்கின்றன. உள்ளே நுழையலாகாத பொருள்கள் நுழைகின்றன. காவலாகிய நோயெதிர்ப்பு அணுக்கள் விழித்தெழுந்து, கிருமி அகன்ற பின்னும் நரம்புகளின் அருகே தங்கி அவற்றைத் தூண்டிக்கொண்டிருக்கின்றன. பெல்ஜியம் நாட்டில் லூவன் நகரத்து ஆராய்ச்சியாளர் 2021ஆம் ஆண்டில் எலிகளிடத்து ஓர் அரிய செய்தியைக் கண்டனர். குடல் தொற்று நிகழுங்கால் உண்ட உணவையும் நோயெதிர்ப்புப் படை பகையென்று கருதிவிடுகின்றது. தொற்று நீங்கிய பின் அவ்வுணவை மீண்டும் உண்ணும்போது குடலில் வலி எழுகின்றது. முன்பு ஒத்துக்கொண்ட பண்டம் இப்போது ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளர் கூறுவதை நாம் நகைத்துத் தள்ளலாகாது என்பது இதனாற் புலனாகும்.

மூன்றாவது, சில வைரஸ்கள் குடலின் நரம்பணுக்களையே தாக்கவல்லன. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் 2018ஆம் ஆண்டில், வெஸ்ட் நைல் என்னும் வைரஸ் எலிகளின் குடல் நரம்புகளைச் சிதைத்துக் குடலின் அசைவைக் கெடுத்ததைக் கண்டனர். பிழைத்த எலிகளிடத்துப் பல வாரங்கள் கழித்து வேறொரு சிறு தூண்டுதல் நேர்ந்தபோது அக்கேடு மீண்டும் தோன்றிற்று.

நான்காவது, குடலில் இயல்பாக வாழும் நன்மைதரும் நுண்ணுயிர்கள் கழிச்சலாலும், தேவையின்றி உண்ணும் கிருமிக்கொல்லி மருந்துகளாலும் நிலைகுலைகின்றன. முற்கூறிய 2017ஆம் ஆண்டுத் தொகுப்பும், தொற்றின்போது அம்மருந்துகளை உண்டவர்க்கு இந்நோய் மிகுதியாக வருதலைக் குறிக்கின்றது.

யார்க்கு வருகின்றது?

தொற்று எல்லார்க்கும் வந்தாலும் இந்நோய் எல்லார்க்கும் வருவதில்லை. தொடக்கத்து நோய் கடுமையாகவும் நீண்டும் இருந்தவர்க்கும், ஆடவரினும் பெண்டிர்க்கும், தொற்றுக் காலத்தில் கவலையாலும் மனச்சோர்வாலும் வாடியவர்க்கும் இது மிகுதி. மனநிலையும் ஒரு காரணம் எனவே, ‘எல்லாம் மனத்தின் வேலை’ என்று கொள்ளலாகாது. மூளையும் குடலும் நரம்புகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. குடலின் நோவு மனத்தை வருத்தும். மனத்தின் நோவு குடலை வருத்தும். நாம் மேலே எண்ணிய மாணாக்கனுக்குத் தேர்வச்சம் நோயை உண்டாக்கவில்லை. முன்னரே புண்பட்ட குடலை அது கிளறிவிட்டது.

செய்யத்தக்கன

முதலில், இந்நோய்தான் என்று தானே முடிவு செய்துகொள்ளுதல் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், காய்ச்சல், இரத்தக்குறைவு, உறக்கத்தினின்று எழுப்பும் கழிச்சல் ஆகியவற்றுள் ஒன்று காணினும், ஐம்பது வயதிற்கு மேல் நோய் புதிதாகத் தோன்றினும் உடனே மருத்துவரை அணுகல் வேண்டும். நம் நாட்டில் அமீபா, ஜியார்டியா முதலிய ஒட்டுண்ணிகளும், குடற் காசநோயும், முற்கூறிய ஸ்பிரூவும் இதனைப் போலவே தோன்றக்கூடும். பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இவற்றை ஆராய்ந்து அறியலாம்.

இந்நோயே என்று தெளிந்தபின் கிருமிக்கொல்லி மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்ணுதலை அறவே விடல் வேண்டும். வைரஸிடத்து அவை பயன்படா. அகன்றுவிட்ட கிருமியிடத்து எவையும் பயன்படா. தொற்றினால் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் சில காலம் குறையுமாதலின், பாலைக் குறைத்து மோரை மேற்கொள்ளுதல் பலர்க்கு நன்மை தரும். வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு முதலியன குடலில் நொதித்துக் காற்றை உண்டாக்குமாதலின், மருத்துவர் அறிவுரைப்படி சில வாரங்கள் குறைத்துப் பார்த்து, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வாததை மட்டும் நீக்கலாம். இசப்கோல் உமி சிலர்க்கு உதவும். வலியைத் தணிக்கும் மருந்துகளும், குடல் நரம்பின் கிளர்ச்சியை அடக்கும் மருந்துகளும் உள. வேளை தவறாத உணவு, போதிய உறக்கம், நாள்தோறும் நடை, மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சி ஆகியன மருந்திற்குத் துணையாவன.

நோயாளர்க்கு ஆறுதலாவது, இது பலரிடத்துக் காலப்போக்கில் தணிவது. கனடாவின் வாக்கர்ட்டன் என்னும் ஊரில் 2000ஆம் ஆண்டில் குடிநீர் பாக்டீரியாவால் கெட்டு, எழுவர் இறந்து, இரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஆராய்ச்சியாளர் அவ்வூராரை எட்டாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். இரண்டு மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 28 பேர்க்கு இருந்த குடல் நோவு, எட்டாம் ஆண்டில் 15 பேர்க்குக் குறைந்திருந்தது. வைரஸால் வருவது பெரும்பாலும் இதனினும் விரைவில் தணியும் என்பதற்கு மேற்கூறிய கனடாக் கூட்டத்தாரின் வரலாறு சான்றாகும்.

வருமுன் காத்தல்

நோயைத் தீர்த்தலினும் அதன் முதற்காரணமாகிய தொற்றைத் தடுத்தல் எளிது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் நம் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் பெய்த பெருமழையை நாம் மறந்திலோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லைச் சந்திப்பும் நீரில் மூழ்கிற்று. இத்தகைய வெள்ளத்தில் சாக்கடையும் குடிநீரும் கலத்தல் எளிது. அக்காலத்து நீரை நன்கு கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுதலே தக்க காவல். நோரோவைரஸ் மிகச் சில துகள்களாலேயே நோயை விளைக்கும். கையிற் பூசும் சாராயக் கரைசலுக்கு எளிதில் அடங்காது. சோப்பும் ஓடும் நீருமே அதனைக் கழுவிப் போக்குவன. வாந்தியும் கழிச்சலும் கண்டவர், தேறிய பின்னும் இரண்டு நாட்களேனும் பிறர்க்குச் சமைத்தலையும் பரிமாறுதலையும் தவிர்த்தல் நலம். விடுதிச் சமையற்கூடத்திற்கு இவ்விதி மிகவும் இன்றியமையாதது. கழிச்சல் கண்டவுடன் உப்புச்சர்க்கரைக் கரைசலைப் பருகிவருதல் உயிர்காக்கும் முறை.

குழந்தைகட்கு ரோட்டாவைரஸைத் தடுக்கும் சொட்டுமருந்து உண்டு. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டு, தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களிற் சோதிக்கப்பட்ட ‘ரோட்டாவாக்’ என்னும் மருந்து 2014ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. இத்தகைய சொட்டுமருந்து 2016ஆம் ஆண்டு முதல் அரசின் தடுப்புமருந்துத் திட்டத்திற் சேர்க்கப்பட்டுக் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றது.

நண்பர்காள்! நம் விடுதியிலோ வகுப்பிலோ, ஒரு காய்ச்சலுக்கோ கழிச்சலுக்கோ பின் நெடுநாள் வயிற்று நோவால் வருந்தும் தோழன் ஒருவன் இருத்தல் கூடும். அவன் வெளியிற் சொல்ல நாணுவான். சொன்னால் நகைப்பரோ என அஞ்சுவான். காலில் முறிந்த எலும்பு கூடிய பின்னும் சில காலம் நடை நோவதை நாம் ஐயுறுவதில்லை. குடலும் அத்தகையதே என்றறிந்து, அவனை நகையாது, தக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக. அவன் வகுப்பினின்று எழுந்து செல்ல வேண்டின் ஆசிரியரும் காரணம் வினவாது விடுப்பாராக. ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்னும் சொல்லினும், ‘உனக்கு உள்ளது இன்னது, இது தணியும்’ என்னும் சொல்லே அவனுக்கு முதல் மருந்தாகும்.